வலது கால் கட்டைவிரலும் வெள்ளிக்கிழமை உபவாசமும்

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் டிரைவர் தேவசகாயம் சகோதர சகோதரிகளுக்குச் சொல்லிக்கொள்வது. என் சாட்சி வலது கால் கட்டைவிரலைப் பற்றியது. சிரிக்காதீர்கள். தீராத நோய் தீர்ந்தது, புயலில் போன படகு கரை சேர்ந்தது என்று சபையில் பெரிய பெரிய சாட்சிகளைக் கேட்டவர்கள் நீங்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கட்டைவிரல் சின்ன விஷயம் இல்லை. பிரேக் அதன் கீழேதான் இருக்கிறது.

1972ஆம் வருஷம் ஜனவரி மாதம். அப்போது காஞ்சிபுரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் எனக்கு வேலை. வயது நாற்பத்திரண்டு. எடை தொண்ணூற்று நான்கு கிலோ. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் அது என் வயிற்றை உரசிக்கொண்டுதான் திரும்பும். தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனேன். அவர் நெற்றியில் நாமம் போட்ட வைஷ்ணவர். ஊரில் நல்ல கைராசிக்காரர் என்று பெயர். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, பதினைந்து கிலோ குறைக்காவிட்டால் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்காததைக் காதர் உஸ்தாதிடம் கேட்டேன். எங்கள் பஸ் ஷெட்டுக்கு எதிரே தேகப்பயிற்சிக் கொட்டகை வைத்திருந்தவர் அவர். ஒரு காலத்தில் குஸ்தி போட்டவர். அறுபது வயதிலும் வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும்.

"சோத்தை வுட்டுடு தேவா. உன் தொப்பை பூரா அரிசிதான். கறி துன்னு. காலைல சுவரொட்டி, மத்தியானம் ஈரல், சாயங்காலம் ஒரு கிண்ணம் பாயா. கொழுப்பு எறங்கும், உடம்புல இரும்பு ஏறும்" என்றார்.

ஆட்டு மண்ணீரலும் ஈரலும் ஆட்டுக்கால் சாறும் சாப்பிட்டே உடம்பு இளைக்கலாம் என்றால் கசக்குமா? கரும்பு தின்னக் கூலியா என்று ஆரம்பித்தேன். என் மனைவி எஸ்தர் காலையில் அடுப்பு மூட்டினால் முதலில் சுவரொட்டி வதங்கும். பிறகுதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஓட்டையைக் காட்டினேன். கெட்டுப்போவதற்கு முன் வரும் சந்தோஷம் அது.

மார்ச் மாதம் ஒரு நாள் விடியும்போது எழுந்து காலைத் தரையில் வைத்தேன். அலறிவிட்டேன். கட்டைவிரல் அடிமூட்டில் நெருப்பை வைத்துக் கட்டியது போல எரிச்சல். விரல் சிவந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. வேட்டி நுனி பட்டால்கூட உயிர் போனது. ஒரு வாரம் பிரேக் மிதிக்க முடியவில்லை. பிறகு தானாக அடங்கியது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது யோசனை மழை. சுளுக்கு என்றார் ஒருவர். யாரோ பொறாமையில் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சபை மூப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது ராஜ வியாதின்னு சொல்லுவாங்க தம்பி, குடிக்கிறவங்களுக்கு வரும். சாராயம் கீராயம் பழக்கம் இருக்குதா? இருந்தா அறிக்கை பண்ணிடு" என்றார். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டவன் இல்லை நான். அன்றைக்கு வந்த கோபத்தில் காலே வலிக்கவில்லை.

கோபத்தோடு ஒரு முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து ஜெபிப்பது. எங்கள் சபையில் உபவாச ஜெபம் புதிதில்லை. ஆனால் நான் மற்றவர்களைப் போல இருப்பேனா? வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை விடியும்வரை சோறு இல்லை, தண்ணீரும் இல்லை. எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்கினேன். ஆண்டவரிடம் சுகமும் கிடைக்கும், எடையும் குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஆறு நாளும் உஸ்தாதின் ஈரலும் பாயாவும் தொடர்ந்தன.

எங்கள் வண்டியில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஏப்ரல், மே வெயிலில் அந்த இன்ஜின் மூடியின் மேல் மாவு ஊற்றினால் தோசை வெந்துவிடும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண் இருட்டும். ஒரு வெள்ளிக்கிழமை கண்டக்டர் முனுசாமி வழியிலிருந்த கோயில் தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கி ஜன்னல் வழியே நீட்டினான்.

"குடிணா. மூஞ்சி செத்துப் போயிருக்குது. எந்த சாமி பந்தலா இருந்தா இன்னா, மோர் மோர்தானே?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் என் எதிரிலேயே அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான்.

சுகம் கிடைத்ததா? இல்லை. வலி அதிகமானது. எல்லா வாரமும் வந்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். இரண்டு வாரம் சும்மா இருக்கும், மூன்றாவது வாரம் வந்து உட்காரும். ஆண்டவரே, ஏன் என்று கேட்டேன். இன்னும் கடுமையாக உபவாசித்தேன். இன்னும் கடுமையாக வலித்தது. எனக்குத் தெரிந்து ஜெபம் செய்யச் செய்ய நோய் முற்றிய ஒரே ஆள் நான்தான்.

மே மாதம் எஸ்தர் பிடிவாதமாக என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி அதே டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் விரலைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுக்குக் கவுட்னு பேர். ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு ஏறி மூட்டுல உப்பு மாதிரி படியறது. ஈரல், சுவரொட்டி, பாயா எல்லாம் அதை ஏத்தும். வேற என்ன பண்றே?"

"வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கறேங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஜலம் குடிப்பியோ?"

"சொட்டுக்கூடக் கிடையாதுங்க."

அவர் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார். "பட்டினி கிடந்தாலும் அது ஏறும்ப்பா. ஜலம் குடிக்கலேன்னா உடம்பை விட்டு வெளியே போகாது. கறியால ஏத்தறே, பட்டினியால ஏத்தறே, போற வழியையும் அடைக்கறே. முதல்ல அந்த உபவாசத்தை நிறுத்து. நானும் ஏகாதசி இருக்கறவன்தான். எனக்குத் தெரியாதா?"

அதுவரை நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏகாதசி என்றதும் எனக்குள் ஏதோ மூடிக்கொண்டது. என் உபவாசத்தை நிறுத்தச் சொல்ல நாமம் போட்ட இவர் யார்? சோதனைக்காரனான சாத்தான் இப்படித்தான் நல்ல வார்த்தை பேசிக்கொண்டு வருவான் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். அவர் கொடுத்த மாத்திரையை மட்டும் விழுங்கினேன். வலி இறங்கியது. மாத்திரை வேண்டும், புத்தி வேண்டாம். வெள்ளிக்கிழமை உபவாசமும் நிற்கவில்லை, உஸ்தாதின் பாயாவும் நிற்கவில்லை.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஷெட்டிலிருந்து காலி வண்டியைப் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வந்தேன். முனுசாமி மட்டும் கூட இருந்தான். விரல் அப்போதே விண்விண் என்றது. யாரிடமும் சொல்லவில்லை. வழியில் நெசவாளர் தெரு ஒன்று. தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார்கள். அதன் கோடி அன்றைக்கு ரோட்டு ஓரம்வரை நீண்டிருந்தது. பெரியவர் ஒருவர் முதுகை வண்டிப் பக்கம் காட்டிக் குனிந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. பாவு கிடந்தால் நின்று, ஒதுங்கி, பார்த்துப் போவோம்.

பிரேக்கை மிதித்தேன். விரல் பெடலில் பட்டதும் வலி தலைக்கேறி, கால் தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது. என் கால்! நான் இழுக்கவில்லை! முனுசாமி "அண்ணே!" என்று கத்தினான். குதிகாலைத் தூக்கிப் பெடல் மேல் போட்டு, கை பிரேக்கையும் இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. பெரியவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் திரும்பிப் பார்த்தார். கையில் அந்த இழையை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

"இன்னாப்பா, கண்ணு தெரீலயா?" என்றார்.

ஜன்னல் வழியே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

முதலாளிக்கு விஷயம் போயிற்று. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "பதினாறு வருஷமா ஓட்டற, ஒரு புகார் இல்ல. ஆனா இந்தக் காலோட உன்னை வண்டில ஏத்த மாட்டேன் தேவசகாயம். சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். முழங்கால் போட்டு ஜெபிக்க முடியவில்லை, விரல் தரையில் இடித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஆண்டவரோடு சண்டை போட்டேன். உரக்கவே போட்டேன். "உமக்காகச் சோறு விட்டேன். தண்ணீர் விட்டேன். இன்றைக்கு ஒரு மனுஷனைக் கொல்ல இருந்தேன். இன்னும் என்னதான் வேண்டும்? வாயைத் திறந்து சொல்லும்!" என்று அழுதேன்.

சமையலறையிலிருந்து எஸ்தர் வந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு.

"என்னாங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இதுவரைக்கும் ஆறு தடவை கால் வீங்கிச்சு. உபவாசத்துக்கு முந்தி வந்த ரெண்டை வுட்டுடுங்க. மத்த நாலும் சனி இல்லன்னா ஞாயித்துக்கிழமைதான். டாக்டரு சொன்னாரு. அவரு வாயால வந்தா கேக்கக் கூடாதா? ஆண்டவர் வேற யாரைத்தான் அனுப்புவாரு, வானத்துல இருந்து ஆளா எறங்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. உண்மையைச் சொன்னால் உடம்பெரிச்சல்தானே. நொண்டிக்கொண்டே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன், அவராவது என் பக்கம் பேசுவார் என்று. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "தண்ணி குடிக்கக் கூடாதுன்னு நான் எப்பப்பா சொன்னேன்? நானே உபவாசத்தன்னிக்கு நாலு தடவை குடிப்பேன்" என்றார்.

யாருமே சொல்லவில்லை! வேதமும் என் தலையில் அப்படிக் கட்டவில்லை, பாஸ்டரும் சொல்லவில்லை, சபையும் கேட்கவில்லை. நானே ஒரு சட்டம் போட்டேன், நானே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆண்டவருக்காக என்று பேர். உண்மையில் பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்காக. கூடவே, மூப்பருக்கு நான் யார் என்று காட்டுவதற்காக. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அழுதது வலிக்காக அல்ல.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் போய் நின்று, நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் ஒரு துண்டுச் சீட்டு எடுத்தார். எடை குறையத்தான் வேண்டும், ஆனால் மாதத்துக்கு ஒன்றரை இரண்டு கிலோவுக்கு மேல் அவசரப்படக் கூடாது. சத்துக்கு முட்டை, பால், தயிர், மோர். மீன் எப்போதாவது இரண்டு துண்டு. உறுப்புக் கறியும் நெத்திலிக் கருவாடும் கிட்டவே வரக் கூடாது. சோறு ஒரு கரண்டி, காய் நிறைய. தண்ணீர் நாளெல்லாம். மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்ச் சாட்சி ஆகிவிடும். ஆகஸ்டில் மறுபடி ஒரு தடவை வந்தது. ஆத்திரத்தில் மாத்திரை டப்பாவை விட்டெறிந்தேன். எஸ்தர் பொறுக்கி எடுத்து வந்து கையில் வைத்தாள். முட்டையைப் பார்த்தாலே குமட்டியது. உஸ்தாத் வேறு, "முட்டை துன்னு எவனாவது பயில்வான் ஆவானா?" என்று ரோட்டில் நிறுத்திக் கேலி செய்தார். எடை ஆமை வேகத்தில் இறங்கியது. ஆனால் ஆகஸ்டில் வந்த வலி மூன்றாம் நாளே போய்விட்டது. செப்டம்பரில் வரவில்லை. அக்டோபரிலும் வரவில்லை. நவம்பரில் முதலாளி என்னை வண்டியில் உட்கார வைத்து, தானே பக்கத்தில் நின்று, பத்துத் தடவை பிரேக் போடச் சொன்னார். பத்துத் தடவையும் வண்டி அந்தந்த இடத்தில் நின்றது. இறங்கிச் சாவியை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது, என் கண்ணும் கலங்கியிருந்தது.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்குள் எடை எண்பத்திரண்டு. இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், மறைக்கவில்லை. சபையில் எழுந்து இதையெல்லாம் சொன்னபோது மூப்பர், "டாக்டர் குணமாக்கினது எப்படித் தம்பி சாட்சியாகும்?" என்று கேட்டார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அதே கேள்வியை நானே இரண்டு மாதம் கட்டிக்கொண்டு அழுதவன். நான் கேட்டேன், ஆண்டவர் பதில் சொன்னார். டாக்டர் வாயால் சொன்னார், என் மனைவி வாயால் சொன்னார். அது எனக்குப் பிடித்த பதிலாக இல்லை. அதனால் பதிலே வரவில்லை என்று அவர் மேல் பழி போட்டேன். அப்படிப்பட்டவனையும் அவர் கைவிடவில்லை. குனிந்திருந்த அந்தப் பெரியவரையும் காப்பாற்றினார், என்னைக் கொலைகாரன் ஆகாமலும் காப்பாற்றினார். அந்த ஒரு முழத்துக்காக மட்டுமே நான் சாகும்வரை நன்றி சொல்லலாம்.

உங்களிலும் யாராவது கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருக்கலாம். விட்டுவிடாதீர்கள். அவர் காது கேளாதவர் அல்ல. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இன்றும் நடக்கிறது, நானும் தவறாமல் போகிறேன். நீங்களும் வாருங்கள், உங்கள் பாரத்தைக் கொண்டுவாருங்கள். புறப்படுமுன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.