டின் பாலில் பொங்கிய வீடு

ஐம்பது வயதானால் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்றார்கள். என் கணவர் எடுத்தார். கையோடு கிள்ளானில், காப்பார் சாலைப் பக்கம் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் நாங்களே வாடகைக்கு இருக்கிறோம். இவர் வாடகைக்கு விட வீடு வாங்குகிறாராம். எனக்குக் கோபமான கோபம்.

"வயசான காலத்துல சோத்துக்கு வெச்சிருந்த காசு. நாளைக்கு சுவத்தையா சாப்பிடுவீங்க?" என்றேன்.

"வாடகை வரும் லா. பாத்துக்கிட்டே இரு."

விடிவதற்குள் பால் காய்ச்சப் போனோம். மின்சாரம் இன்னும் வரவில்லை. எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். கதவில் எண்கூட இல்லை. இவர் கோடியிலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஒரு கதவில் சாவியைப் போட்டார், திறந்தது. கோலம் போட்டேன், விளக்கேற்றினேன். கொண்டுபோன மண்ணெண்ணெய் அடுப்பில் பால் பொங்கியது. கோபத்தையும் மீறி மனம் குளிர்ந்தது.

ஆளுக்கொரு டம்ளர் குடித்து முடித்தபோது ஒரு சீன அக்கா துடைப்பமும் கூடையுமாக வந்து நின்றார். அது அவர் வீடு. எங்களுடையது பக்கத்து வீடு. இவர் ஒன்றை விட்டு எண்ணியிருக்கிறார். மலிவுப் பூட்டு, ஒரே சாவிக்கு இரண்டும் திறந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்த காசையெல்லாம் போட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுக்கு விளக்கேற்றியிருக்கிறோம். நல்ல நேரம் முடியப்போகிறது, பாலும் தீர்ந்துவிட்டது.

இவர் மலாயில் விளக்கிச் சொன்னார். அந்த அக்கா சிரிக்கவில்லை. கோப்பி கலக்கக் கொண்டுவந்திருந்த டின் பாலைக் கூடையிலிருந்து எடுத்து நீட்டி, "செப்பாட் லா, செப்பாட்" என்று எங்களை அவசரப்படுத்தினார்.

எங்கள் வீட்டில் அடுப்பை வைத்து, தண்ணீர் விட்டுக் கலந்த டின் பால் பொங்குமா என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. அவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். தன் வாசலில் போட்ட கோலம் இருக்கட்டும், அழிக்க வேண்டாம் என்றார். அந்த மாதமே அவருடைய தங்கை குடும்பம் எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தது.

இப்போது இவர் வேலையிலிருந்து நின்றாகிவிட்டது. மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். அன்றைக்கு இவர் பாசாருக்குப் போய் நல்ல மீனாக வாங்கிவந்து என் முன்னால் வைப்பார்.

"இந்தா, சுவரு. கொழம்பு வை."

நானும் புளி கரைத்து வைக்கிறேன். ருசியாகத்தான் இருக்கிறது.