விறகு லொறியில் கட்டிய வீடு

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். என் கணவர் அந்த ஸ்டோரில் பிட்டர். எந்த இயந்திரம் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஊரார் எங்கள் மேல் பட்ட இரக்கம் எங்களிடம் இருந்த வருத்தத்தைவிட அதிகம்.

ஸ்டோர் அடுப்புகளுக்கு விறகு ஏற்றிவர ஒரு பழைய லொறி இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காக வந்தது. முன் சக்கரம், பின் சக்கரம் நான்கும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் மாடு போக முடியாத இடத்திலும் அது போய்விடும் என்பார்கள். தோட்டத்துக்குப் புது லொறி வந்ததும் இதைக் கொண்டுபோய்ச் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இரண்டு மழைக்காலம் போனது. கொடி ஏறி அதன் விளக்குகளை மூடியது. பழைய இரும்புக்கு விற்க ஆள் தேடியபோது என் கணவர் தோட்டத்துத் துரையிடம் போய்த் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். துரைக்கு அது அங்கிருந்து போனால் போதும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு படத்தைக் காட்டினார். துரையின் பங்களாவிலிருந்து கழித்துவிட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் கிழித்தது. ஏதோ ஒரு பாலைவனத்தில் ஒரு லொறி. அதன் முதுகில் சன்னல் வைத்த பெட்டி வீடு. வாசலில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறாள்.

“இப்படி ஒண்ணு செஞ்சிட்டா, டீச்சர், லீவு கெடச்சா நம்ம பாட்டுக்குக் கெளம்பலாம். யார் வீட்டுலயும் போயி இருக்க வேணாம்” என்றார். வீட்டுக்குள்ளும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலாகத் தொடங்கி அப்படியே நிலைத்துவிட்டது.

“எங்கங்க போறது?”

“எங்க வேணும்னாலும்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

இயந்திரத்தைப் பிரித்துச் சேர்க்க அவருக்கு நான்கு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்குப் போய்விடுவார். பசாரில் இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவர் தம் கடையின் பின்கட்டைத் திறந்துவிட்டு, “தேடி எடுத்துக்கங்க, எனக்கே உள்ள என்ன கெடக்குன்னு தெரியாது” என்பாராம். போல்ட்டு, கீல், பழைய குழாய் என்று ஒரு சாக்கு நிறையச் சுமந்துகொண்டு கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார்.

மேலே கட்டிய வீடு முழுக்க முழுக்கத் தேயிலை வீடு. ஸ்டோரில் உடைந்த தேயிலைப் பெட்டிகள் குவிந்து கிடக்கும். அவற்றின் மெல்லிய பலகைகளைத்தான் சுவருக்கு அடித்தார். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளி நிற ஈயத்தாளைப் பிரிக்க வேண்டாம், வெயில் உள்ளே இறங்காது என்றார். அதனால் எங்கள் சுவர் உட்பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு பலகையில் தோட்டத்தின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. மழை நாளில் உள்ளே நுழைந்தால் அப்போதுதான் தேத்தண்ணிக் கேத்தல் இறக்கிய மாதிரி மணம் வரும்.

கொழுந்து வாட்டும் மாடியில் அந்தக் காலத்தில் வரிசை வரிசையாகச் சாக்குத் துணி இழுத்துக் கட்டியிருக்கும். எங்கள் ஸ்டோரில் அதையெல்லாம் கழற்றிவிட்டுக் காற்றூதும் தொட்டிகள் வைத்தார்கள். கழித்த சாக்கில் நல்லதாகப் பார்த்து எடுத்துச் சட்டத்தில் இறுக்கிக் கட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு படுக்கை. மேல் படுக்கையைப் பகலில் சுவரோடு மடக்கிவிடலாம். தண்ணீருக்குக் கூரையில் ஒரு பீப்பாய். அதிலிருந்து குழாய் இறங்கி, மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பைப்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்புக்கு நேரே ஒரு சன்னல். அவர் அதைப் பின்பக்கம் வைக்க நினைத்திருந்தார். பலகை பலமிழந்துவிடும் என்றார்.

“வெளிய பாக்காம சமைக்கிறதுக்கு என் குசினியே போதும். அதுக்கு எதுக்குங்க லொறி?” என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாடசாலை விட்டு வந்து பார்த்தபோது, நான் சொன்ன இடத்தில் சதுரமாக அறுத்திருந்தார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஸ்டோர் சில நாள் மூடியிருக்கும். அப்போது கிழக்கே பொத்துவில் வரை போய்வருவது என்று முடிவு செய்தோம். நான் அரிசி, பருப்பு, மாசிக் கருவாடு எல்லாம் டின்களில் போட்டு வைத்தேன். புறப்படும் நாளுக்கு முதல்நாள் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றார். அதைச் சரிசெய்ததும் பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு டயர். லீவு முடிய இரண்டே நாள் இருந்தது.

அன்று பின்னேரம் அவருக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் வருவது அவருக்குக் கேட்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் இடது முழங்கால் மேல் வைத்து, முழுப் பலத்தையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். கிளச்சு பாதி இறங்கியது. கையை எடுத்ததும் திரும்பி மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். முகமெல்லாம் வேர்வை.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஸ்டோரில் ஓடும் இயந்திரத்தின் பட்டை அறுந்து அவருடைய இடது கால் முறிந்திருந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. கொஞ்சம் நொண்டுவார், அவ்வளவுதான். அவர் மலையேறுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. அந்த லொறியின் கிளச்சு எவ்வளவு கனம் என்பதும் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. நாள் கூடக்கூடக் கால் பழகிவிடும் என்று நினைத்தே பலகை அடித்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். கோப்பையை வாங்கிக்கொண்டார். 

“மேட்டுல ஒரு தரம் ரெண்டு தரம் மிதிச்சிடலாம். பசறைக்கு அங்கிட்டு எத்தனை வளைவு இருக்கு. முடியாது, டீச்சர்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ கட்ட விட்டிருப்பியா?”

 விட்டிருக்க மாட்டேன். ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். “இருக்கிறதே ரெண்டு படுக்கை” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நான் அவரை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கிளச்சு எட்டவில்லை. ஒரு தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டு மறுபடி மிதித்தேன். கனம்தான். ஆனால் அடிவரை போனது. பூனாகலையில் பிறந்து தினமும் மூன்று மைல் மலையேறிப் பாடசாலைக்குப் போனவள் நான். கால் பலத்துக்கு எனக்கு என்ன குறை?

அவர் கீழே நின்று, “இன்னொரு தரம் மிதி” என்றார். மிதித்தேன். “விடு.” விட்டேன். “மறுபடி.” இருட்டும்வரை அதைத்தான் செய்தோம். லொறி ஓர் அடி நகரவில்லை.

அந்த வருட லீவு அப்படியே போனது. ஆகஸ்டில் எனக்கு விடுமுறை இருந்தாலும் அவருக்குக் கிடையாது. எங்கள் ஊவாப் பக்கத்தில் காய்ந்த காற்று வீசும் மாதங்களில்தான் நல்ல தேயிலை. ஸ்டோர் ஓயாது. அதனால் எனக்கு லொறி ஓட்டப் படிக்க ஒரு வருடம் கிடைத்தது. வேலை முடிந்து அவர் வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகி, கொழுந்து பறிக்கிறவர்களைப் போல இடுப்பில் ஒரு படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறுவேன். அந்த லொறிக்கு ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். தவறினால் பற்கள் கடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார், ஆனால் ஏசியதில்லை.

நிறுவைக் கொட்டிலில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் ஒருத்தி வழியில் நிறுத்தினாள்.

“டீச்சரம்மா, வளைவுக்கு வாறப்ப ஹார்ன் அடிச்சிருங்க. நாங்க மேல் மலையில ஏறி நின்னுக்கிறோம்.”

மாசி மாதம் பதுளையில் லைசன் பரீட்சைக்குப் போனோம். பரீட்சிக்க வந்தவர் நடுத்தர வயதுச் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். லொறியைச் சுற்றி வந்து, என் கணவரிடம் கடதாசியை நீட்டினார்.

“நான் இல்லீங்க ஐயா. அவங்க” என்றார் இவர்.

அவர் என்னைப் பார்த்தார், என் இடுப்புச் சாக்கைப் பார்த்தார். இடது பக்கம் ஏறினார். தொப்பியை மடியில் வைத்து ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். பசாருக்குள் போகச் சொன்னார். மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். ஒரு ஒடுங்கிய பாதையில் லொறியைப் பின்னோக்கி எடுக்கச் சொன்னார். அப்போதுதான் அவர் கை கதவை விட்டது. திரும்பி வந்ததும் கையெழுத்துப் போடாமல், “பின்னால என்ன இருக்கு?” என்று கேட்டார்.

என் கணவர் கதவைத் திறந்து காட்டினார். தண்ணீர்ப் பைப்பைப் பரீட்சிக்க வந்தவரே திறந்து மூடிப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கீழ்ப் படுக்கையில் நீட்டிப் படுத்தார். ஐந்து நிமிடம் இருக்கும். நாங்கள் வெளியே நின்றோம்.

“நல்ல வீடு” என்றபடி எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சித்திரையில் புறப்பட்டோம். பசறையைத் தாண்டி மொனராகலைக்கு இறங்கும் பாதையை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னக் கியரில் போட்டு, பிரேக்கை நம்பாமல் இயந்திரத்தையே பிடிக்க விட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே இறங்கினேன். லொறி ஒரே குரலில் முனகிக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. நான் மலைப்பக்கம் ஒட்டி நிறுத்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தபடியே போனார், தன் வளைவைப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகும் நான் லொறியை எடுக்கவில்லை.

என் கணவர் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்னால் போய் அடுப்பை மூட்டிப் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்தார்.

“உங்களுக்கு மனசுல வருத்தம் இல்லையா, நாம ஓட்டலியேன்னு?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி ஒரு வருடமாக எனக்குள் இருந்தது.

“மொதல்ல இருந்துச்சு” என்றார்.  “இப்ப பாரு, இந்தப் பக்கம் உக்காந்தா எல்லாம் தெரியுது. அந்தப் பள்ளத்துல ஒரு ஓடை போகுது, நீ பாக்கவே இல்ல.”

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஓடைதான். நல்ல தண்ணீர். பீப்பாயை நிரப்பிக்கொண்டோம்.

லாகுகலைக் குளத்தில் யானைகள் தண்ணீருக்குள் நின்று புல் தின்பதை அடுப்புச் சன்னல் வழியாகப் பார்த்தேன். சமைத்தது அவர். நான் ஓட்டினால் சோறு தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அன்றைய பருப்பில் உப்பு இல்லை. சொல்லாமல் சாப்பிட்டேன்.

பொத்துவிலில் கடலுக்குக் கிட்டப் போக ஆசைப்பட்டு மணலில் இறக்கிவிட்டேன். பத்தடி போனதும் சக்கரம் புதைந்தது. வலை காய வைத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் வந்து சுற்றி நின்றார்கள். அவர்களில் பெரியவராகத் தெரிந்தவர், “எங்கருந்து வாறீங்க தங்கச்சி?” என்றார்.

“பதுளைப் பக்கம்.”

“மலையில மணல் இல்லத்தானே. இனி மாடு கட்டித்தான் இழுக்கணும்.”

என் கணவர் நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். ஏறிவந்து, முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும், அதுவரை நாங்கள் தொடாமல் வைத்திருந்த சின்னத் தடியை முன்னால் தள்ளினார். “இப்ப மெதுவா விடு” என்றார். விட்டேன். முன் சக்கரங்கள் மணலைப் பிடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. லொறி ஒரு தரம் குலுங்கி, எழும்பி, நேரே கெட்டியான ஈர மணலுக்கு வந்து நின்றது. அந்தப் பெரியவர் அன்று மாலை இரண்டு பாரை மீன் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். மறுநாள் காலையில் தம் மனைவியையும் அழைத்து வந்து காட்டினார்.

நான்கு நாள் அங்கே இருந்தோம். வீட்டிலிருந்து கொண்டுபோன நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். உப்புக் காற்றில் இரண்டாம் நாளே அதன் ஆணிகள் துருப்பிடித்தன. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பதினோரு வருடம் அந்த லொறியில் போனோம். கதிர்காமம், மன்னார், திருகோணமலை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் என்னைப் பண்டாரவளைக்கு மாற்றினார்கள், லொறியும் எங்களோடு வந்தது. கடைசியில் பிபிலைக்கு அருகே இயந்திரம் வெடித்துவிட்டது. என் கணவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “இனி இது எழும்பாது” என்றார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்த கராஜ்காரர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். அன்று நாங்கள் சட்டி பானை, பாய், தலையணை, அடுப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேர் மடியிலும் சாமான்.

“வீடு மாறிப் போறீங்களா?” என்றார் கண்டக்டர்.

“ஆமாங்க” என்றார் என் கணவர். வழியெல்லாம் சன்னலோர இருக்கையை எனக்குத்தான் விட்டிருந்தார்.