மஸ்கட் போகாதவனுக்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

உத்திரமேரூர் பஜாரில் சூட்கேஸ் வாங்கி, அதன் சக்கரங்கள் சரியாக உருளுகின்றனவா என்று கடை வாசலிலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் அந்தச் செய்தி வந்தது. மஸ்கட்டில் எனக்கு வேலை கொடுத்திருந்த கட்டுமானக் கம்பெனி, அந்த வேலையையே தற்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறதாம். புதிதாக யாரையும் எடுக்கப்போவதில்லையாம். மறுபடி எப்போது என்று கேட்டு எழுதினேன். தெரிந்தால் சொல்கிறோம் என்று பதில் வந்தது. கடைக்காரரிடம் சூட்கேஸைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

"இப்பதானப்பா வாங்கின? சக்கரம் ஓடுதுல்ல?" என்றார்.

ஓடத்தான் செய்தது.

புது சூட்கேஸோடு மானாம்பதி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவதைப் போன்ற தண்டனை வேறு கிடையாது. ஏறுகிறவர், இறங்குகிறவர், கண்டக்டர் என்று எல்லாருக்கும் கேட்பதற்கு ஒரே கேள்விதான் இருந்தது. "இன்னா, எப்ப கெளம்பற?" ஒவ்வொருவருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டு ஊர்த் திருப்பத்தில் இறங்கினால், அங்கே நானே நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே கட்டிய பேனரில், வாழ்நாளில் போட்டிராத கோட்டும் டையுமாக. தலை என்னுடையது, உடம்பு யாருடையதோ. மூலையில் ஒரு விமானம். 'மஸ்கட் செல்லும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக ஸ்தோத்திரக் கூட்டம். அனைவரும் வருக.' மைக் செட் வாடகைக்கு விடுகிற என் மாமா, அம்மாவின் தம்பி, அன்று காலையில்தான் கட்டியிருக்கிறார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று வெள்ளி.

எங்கள் சபையில் அது வழக்கம். வேலை கிடைத்தாலோ, வீடு கட்டினாலோ, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலோ வாசலில் பந்தல் போட்டு, சபைக்காரர், ஊர்க்காரர் என்று எல்லாரையும் கூப்பிட்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சாப்பாடு போடுவார்கள். யாருக்காகக் கூட்டமோ அவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்: ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வாசலில் பந்தல் போட்டு நடக்கப்போகிற முதல் கூட்டமும் அதுதான். இனி நான் எழுந்து நின்று எதற்கு நன்றி சொல்வது?

அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சூட்கேஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ எதுனா தப்பு பண்ணியா?"

"இல்லம்மா. எல்லாருக்கும்தான் நிறுத்திட்டாங்க."

"அப்ப சரி. கூட்டம் நடக்கட்டும்."

"வேலையே போச்சும்மா. எதுக்கு ஸ்தோத்திரம்?"

"ஊரு முச்சூடும் சொல்டேன். பாஸ்டருக்குச் சொல்டேன். ஆண்டவருக்கும் சொல்டேன். இப்ப அவருகிட்ட போயி, நீ குடுக்கல, அதனால நான் நன்றிய வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லச் சொல்றியா? அது இன்னா மரியாத?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நைனா, "கெடா வெட்ட ஆளு வேற சொல்டேன்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஆண்டவரிடம் மரியாதை, ஆட்டுக்கு ஆள். இரண்டுக்கும் நடுவில் என் மானம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க, எனக்கு ஏன் வேலை போனது என்று மற்றவர்கள் எனக்கு விளக்கினார்கள். பாஸ்டர் பைக்கில் வந்து, டீ குடித்து, "ஏதோ பெரிய ஆபத்துலேர்ந்து ஆண்டவர் உன்னக் காப்பாத்திக்கிறாரு தம்பி" என்றார். நல்ல மனிதர்; பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் என்ன ஆபத்து என்று அவருக்கும் தெரியவில்லை. மாமா அதைவிடத் தெளிவாக இருந்தார்.

"அந்த பிளைட்டுக்கே எதுனா ஆவப்போவுது. பாத்துக்கினே இரு."

"அப்ப அதுல போற மத்தவங்க?"

"அது அவங்க பாடு."

எல்லாருக்கும் நான் திருப்பிச் சொன்னது ஒன்றேதான்: "தேவ சித்தம்." வாலிபர் கூட்டத்தில் கற்றுக்கொண்டது. முறுமுறுக்கக் கூடாது, அது விசுவாசம் இல்லாதவன் பண்ணுகிற வேலை. அன்று அதைச் சொல்லிச் சொல்லித் தாடை வலித்தது. வேண்டா விருந்தாளிக்குச் சிரிப்பதைப் போல ஆண்டவரைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மாமா ஏணியைக் கொண்டுவந்தார். வேறு பேனர் அடிக்க நேரமில்லை. அதனால் மஸ்கட் இருக்கும் வரியில் மட்டும் மைதா பசை தடவி வெள்ளைத்தாள் ஒட்டினோம். விமானத்தையும் மூடலாம் என்றேன். "அது பாட்டுக்குப் பறக்கட்டும்டா, அழகா கீது" என்றார். அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் வேதம் வாசிப்பதிலிருந்து மாத்திரை அட்டை படிப்பதுவரை எல்லாம் நான்தான்.

"இப்ப இன்னா எழுதிக்கினு கீது? படி."

"ஸ்தோத்திரக் கூட்டம். அனைவரும் வருக."

"அவ்வளோதானே? போதும். எறங்கு."

"எதுக்கு ஸ்தோத்திரம்னு இல்லியேம்மா."

"வர்றவன் கேட்டா சொல்லிக்கலாம், எறங்குடா!"

ஞாயிறு மத்தியானம் வீட்டுப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு யாரையோ வைதுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"நீ பண்றது உனக்கே நல்லா கீதா? புள்ள மூஞ்சப் பாத்தியா நீ? ரெண்டு நாளா சோறு எறங்கல. என்னாண்ட வாங்கிக்கினியே ஜெபம், அதெல்லாம் எங்க போச்சு? குடுக்கறதில்லன்னா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? பெட்டி வேற வாங்கிட்டான்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "சரி, ஜனங்க வந்துரும். அப்புறமா வந்து உங்கிட்ட பேசிக்கிறேன். மழ கிழ வராம பாத்துக்க, அது போதும் இன்னிக்கு."

நான் சத்தம் காட்டாமல் திரும்பினேன். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் இரண்டு நாளாகத் தாடை வலிக்க விசுவாசம் காட்டிக்கொண்டிருக்கிறேன்; இவள் பாட்டுக்கு அவரோடு சண்டை போட்டுவிட்டு அவருக்கே விருந்துக்கு வெங்காயமும் உரிக்கிறாள்.

கூட்டத்துக்கு வாசல் கொள்ளாத ஜனம். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் நிலம் வைத்திருப்பவர், நைனா ரொம்ப வருஷமாக யார் நிலத்தில் வேலை செய்கிறாரோ அந்தக் கொல்லைக்காரர், நெற்றியில் விபூதியோடு முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. "தம்பி இப்போ சாட்சி சொல்லும்" என்று பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்தார். போனில் எழுதி வைத்திருந்தேன். தேவ சித்தத்தில் தொடங்கித் தேவ சித்தத்தில் முடியும். போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்கு வேல போயிடுச்சு" என்றேன். "ஏன்னு எனக்குத் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியாது."

பாஸ்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கொல்லைக்காரர் மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

"ஆண்டவருக்குத் தெரியும்னு நம்பறேன். ஆனா எங்கிட்ட சொல்லல. அதுல எனக்கு அவரு மேல கோவம். இப்பவும் கோவமாத்தான் கீறேன். அதுக்காக வேற எங்கயும் போவல. அவருகிட்டத்தான் கீறேன். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் சொன்னது, வெங்காயம் உரித்துக் கம்மிப்போன குரல்.

முதல் பந்தி பாதி சாப்பிட்டிருக்கும்போது காற்று மாறியது. கொல்லைக்காரர் இலையிலிருந்து எழுந்தார். அவருடைய நெல் முழுவதும் திருப்பத்துக்குப் பக்கத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பிரியாணிக் கையோடு பந்தியே எழுந்து ஓடியது. பாஸ்டர் வெள்ளைச் சட்டையோடு நெல்லைத் தள்ளினார். குவித்தோம், இருந்த தார்ப்பாயைப் போர்த்தினோம். ஒரு பக்கம் எட்டவில்லை. தூறல் கனக்கத் தொடங்கியது. மாமா ஓடிப்போய்ப் பேனரை அறுத்துக்கொண்டு வந்தார். கோட்டு, டை, விமானம் எல்லாம் நெல்லின் மேல் விழுந்தன. மூலைக்கு ஒரு கல்லை வைத்தோம்.

எல்லாரும் நனைந்து நின்றபோது மாமா என் தோளைத் தட்டினார். "இப்பப் புரியுதாடா? இதுக்குத்தான் ஆண்டவரு இந்த பேனர அடிக்க வெச்சாரு!"

"மாமா, நெல்ல மூடணும்னா ஒரு தார்ப்பாய் குடுத்திருக்கலாம். அதுக்கு என் வேலைய எடுப்பாரா?"

"நீ ரொம்பப் படிச்சிட்டடா."

அம்மா முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மழ வேணாம்னு மத்தியானம்தான் கேட்டேன்" என்றாள் வானத்தைப் பார்த்து. "அதையும் கேக்கல பாரு." பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டாவது பந்திக்கு எல போடு, போ."

அன்று இரண்டு நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வெயில் வந்துவிட்டது. களத்துக்குப் போனால், நெல்லின் மேல் நான் மல்லாந்து கிடந்தேன். மைதா பசை மழையில் கரைந்து, வெள்ளைத்தாள் போன இடம் தெரியவில்லை. 'மஸ்கட் செல்லும்' என்பது கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. பால் கேனோடு சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று அதைப் படித்தார். கூட்டத்துக்கு வராதவர்.

"இன்னா, எப்ப கெளம்பற?"

தேவ சித்தம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பழக்கம்.

"தெரிலண்ணா. அவரு இன்னும் சொல்லல. சொன்னா சொல்றேன்."

"யாரு, ஏஜெண்டா?"

நான் பதில் சொல்வதற்குள் கொல்லைக்காரர் களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "அவன எதுக்கு பேஜார் பண்ற? டேய், வந்து அந்த மொனையப் புடிடா, நெல்லு வேவுது உள்ள!"

என் காலடியில் இருந்த கல்லை நகர்த்தி, பேனரின் முனையைப் பிடித்தேன்.