கூட்டத்தில் சலசலப்பு

அடைக்கலராஜுக்குக் கூட்டம் என்றாலே முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். போலீஸ் இலாகாவில் சுருக்கெழுத்தர் அவர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்தக் கட்சி மேடை போட்டாலும், கீழே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கில் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதி, டைப் அடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இதே பிழைப்பு. பேச்சாளர்கள் சும்மா விடுவார்களா? “கீழ உக்காந்து எழுதுறாரே உளவுத்துறை ஐயா, அவரும் நல்லா எழுதிக்கட்டும்!” என்று அவரைக் காட்டியே ஒரு கைதட்டல் வாங்கிவிடுவார்கள். அந்தக் கைதட்டலையும் அவரே அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். என்ன தலையெழுத்தோ!

இத்தனை வருஷம் எழுதினால் கல்லுக்கும் கொஞ்சம் புத்தி வரும். எந்த வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறது என்பது காதில் விழும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ரோடு ஏன் போடவில்லை என்றால், “முன்ன இருந்தவன் போட்டானா?” என்பார்கள். அவன் போடாதது இவன் போடாததற்கு எப்படி ஐயா பதிலாகும்? “எங்கள எதிர்க்கிறவன் தமிழனே இல்ல” என்பார்கள். போன தேர்தலில் எதிர்த்தவர் அதே மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பார். “எங்க தலைவர் காலடி வச்சாரு, மழை கொட்டுச்சு” என்று சிதம்பரத்தில் ஒருவர் முழங்கினார். அது ஐப்பசி மாதம். ஐப்பசியில் யார் காலடி வைக்காவிட்டாலும் சிதம்பரத்தில் மழை கொட்டும்.

சாப்பிடும்போது இதையெல்லாம் மனைவி வியாகுலமேரியிடம் சொல்வார். “எல்லாம் கழுவுற மீன்ல நழுவுற மீனு, மேரி. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டா கொட்டைப்பாக்கு வெல சொல்லுவானுங்க.”

“எதிர்ல நின்னு கேக்க ஆளு இல்ல. அதான் பேசுறானுங்க” என்பாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொள்வார்.

கடலூருக்கு வெளியே அவர்கள் வீடு. 2008இல் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி வந்தது. ஒரே வருஷத்தில் அடிபைப்புத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. துணி துவைத்தால் வியாகுலமேரிக்கு முழங்கை வரை அரிப்பு, ராத்திரியெல்லாம் சொறிவாள். கலெக்டர் ஆபீசில் மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீர்தான் குடிப்பதற்கும் சமைப்பதற்கும். அடைக்கலராஜுக்கு ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று இருந்தார்.

2010இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்த நேரத்தில், அவர்கள் தெருமுனையிலேயே ஒரு கட்சிக் கூட்டம். ராஜமாணிக்கம் என்ற பிரமுகர் பேசினார். பேசி முடிக்கிற சமயத்தில் வாய் சும்மா இராமல், “யாருக்காவது கொறை இருந்தா தாராளமா கேளுங்க” என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். அடைக்கலராஜ் நிமிர்ந்து பார்த்தார். வியாகுலமேரி! அவள் வரப்போவதாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“கம்பெனி வந்தப்பறம் பைப்புத் தண்ணி மஞ்சளா வருதுங்க. ஒடம்பெல்லாம் அரிக்குது. நல்ல தண்ணி எப்ப குடுப்பீங்க?”

ராஜமாணிக்கம் சிரித்தார். “அந்தக் கம்பெனியில நானூறு பேரு வேலை பாக்குறான். அவன் வீட்டு அடுப்பு எரியணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க!” கைதட்டல். “ஆமா, நீ யாரு வீட்டுப் பொம்பள? ஒன்ன யாரு அனுப்புனா? எதிர்க்கட்சிக்காரன் சேலை கீலை வாங்கிக் குடுத்தானா?” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

தண்ணீருக்கும் அடுப்புக்கும் என்ன பகை? யார் அனுப்பினால் என்ன, தண்ணீர் மஞ்சள்தானே? அடைக்கலராஜுக்கு அத்தனையும் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது. கை மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேடைப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். மைக் இல்லாமல் கீழிருந்து வரும் குரலுக்கு ‘கூட்டத்தில் சலசலப்பு’ என்று எழுதினால் போதும். அதுதான் இலாகா வழக்கம். விரும்பினால் கேள்வியைச் சேர்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். சேர்த்தால் யார் கேட்டது என்று விசாரிப்பார்கள். ‘(கூட்டத்தில் சலசலப்பு)’ என்று எழுதினார். ஆபீசுக்குப் போய் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுச் சாயங்காலம் நாலு மணிக்கு வீடு திரும்பினார்.

வியாகுலமேரி கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். “நான் கேட்டத எழுதுனீங்களா?”

“ஒன்ன யாரு அங்க வரச் சொன்னது?”

“அத உடுங்க. ஒங்க ரிப்போர்ட்ட பெரிய ஆபீசருங்க படிப்பாங்கன்னுதான் எழுந்திரிச்சேன். எழுதுனீங்களா?”

“கீழ பேசுறத யாரும் எழுதறதில்ல. எனக்கு முன்னாடி இருந்த செம்பியன் மட்டும் எழுதுனாரா?”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“இத பாரு மேரி. எழுதுனா தூக்கி எங்கியாவது அடிப்பானுங்க. நமக்கு பென்ஷன் வேணுமா, வேணாமா?”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். கைதட்ட அங்கே ஆள் இல்லை. வியாகுலமேரி கோபப்படவில்லை. அவள் முகத்தில் களைப்புதான் இருந்தது.

“எழுதுனீங்களா, இல்லியா?”

“இல்ல” என்றார் அடைக்கலராஜ்.

அன்றைக்கு அவள் கேட்ட கேள்விகளுக்கு நேராகக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.