சாவியைக் கொடுத்தவள்

நிர்மலாதேவிக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனாலும் கணவன் மாரியப்பன் போகிற லோடுக்கெல்லாம் அவளும் போனாள். மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும் அரூர் வீட்டைப் பூட்டிவிட்டு, கிளீனர் உட்காரும் இடப்பக்கச் சீட்டில் குடியேறிவிட்டாள். கிளீனருக்குச் சம்பளம் கொடுக்கிற வழக்கத்தை முதலாளி வெங்கடாசலம் எப்போதோ நிறுத்தியிருந்தார். அவளுக்கு அங்கே ஒரே வேலைதான், புருஷனைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள்வது.

அதற்காக என்னென்னவோ செய்தாள். பச்சை மிளகாயைக் கடிக்கக் கொடுப்பாள். ஈரத்துணியால் கழுத்தைத் துடைப்பாள். ஒன்றும் பலிக்காதபோது மாமியாரைக் குறை சொல்லிச் சண்டை இழுப்பாள். அம்மாவைச் சொன்னால் மாரியப்பனுக்கு எந்தத் தூக்கமும் பறந்துவிடும். தூங்குகிற கணவனின் முகத்தைப் பார்த்துப் பூரிக்கிற மனைவிமார் உண்டு. இவளுக்கோ அந்த முகம்தான் எமனாகத் தெரிந்தது.

தை மாதம் சுங்கச்சாவடி அருகே டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. ஒரு டிரைவர் நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஐந்து மணி நேரம் ஓட்டினால் கட்டாயம் ஓய்வு எடுக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று ஓர் அதிகாரி பேசினார். "லோடு ஏத்தவே எட்டு மணி நேரம் ஆவுமுங்களே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாரியப்பனும் சிரித்தான். நிர்மலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு சட்டம் இருந்தும் என் தாலி ஏன் தினமும் ஊசலாடுகிறது என்று மனம் வெந்தாள்.

பங்குனி வெயிலில் ஹூப்ளியிலிருந்து மதுரைக்கு வெங்காயம் ஏற்றி வந்தார்கள். வழியில் எங்கும் படுக்கவில்லை. நல்லம்பள்ளி நெருங்கும்போது மாரியப்பன் பேச்சை நிறுத்தியிருந்தான். அவள் மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். "ஆமா" என்றான் அவன்.

டீ குடிக்கலாம் என்று கெஞ்சி வண்டியை ஓரங்கட்ட வைத்தாள். அவன் முகம் கழுவ இறங்கியதும் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். திட்டினான், கையைக்கூட ஓங்கினான். அவள் அசையவில்லை.

"அடிச்சாலும் குடுக்க மாட்டேன் மாமா. முன்னால தொப்பூர் மலை எறக்கம் இருக்குது. தூங்கி எந்திரிச்சு எடு."

டீக்கடைக் கட்டிலில் சாய்ந்தவன் அடுத்த நிமிடமே பிணம் போல் உறங்கிப்போனான்.

வண்டி நிற்பதை ஜிபிஎஸ் மூலம் தன் போனில் பார்த்துவிட்ட வெங்கடாசலம் உடனே கூப்பிட்டார். அவள் எட்டு மணி நேரச் சட்டத்தைச் சொன்னாள்.

"சட்டத்த வெங்காயத்துக்கிட்ட சொல்லும்மா. கெட்டுப் போவாம நிக்குதான்னு பாப்போம்" என்றவர், வேறு டிரைவரை அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே அந்தப் பேதை நினைத்தாள்.

வந்தவன் பாப்பிரெட்டிப்பட்டி ரஞ்சித்குமார். அவளுக்குத் தம்பி வயது. கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"அண்ணன் மாமியா வூட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் தூங்குறாரே!"

"நீ தூங்குனியா தம்பி?"

"குஜராத்துல இருந்து இப்பத்தான்க்கா வந்து எறங்குனேன். மதுரைல போயி தூங்கிக்கறேன். சாவியக் குடுங்க."

அவள் கட்டிலைப் பார்த்தாள். மாட்டேன் என்றால் இவன் அவரை எழுப்புவான். அவர் எழுந்து தானே ஓட்டிப் போவார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

மாரியப்பன் கண் விழிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் வெங்காய லாரி கவிழ்ந்து, டிரைவர் அங்கேயே முடிந்துபோனான். உன் தாலி கெட்டிம்மா என்று டீக்கடைக்காரம்மா அவளுக்கு நெட்டி முறித்தாள். மாரியப்பன் அவள் கைகளில் முகம் புதைத்து அழுதான். அந்தக் கைகளை வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனார்கள். டிரைவரின் கவனக்குறைவு என்று முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டதாக அங்கே பேசிக்கொண்டார்கள். செத்தவன் தலையிலேயே பழியா? நிர்மலாவால் தாங்க முடியவில்லை. கைக்குழந்தையோடு சுருண்டு கிடந்த ரஞ்சித்குமாரின் மனைவி யுவராணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று மாரியப்பன் பின்னாலிருந்து தோளை அழுத்தினான். எதிரில் நாற்காலியில் வெங்கடாசலம் இருந்தார். கணவனின் பிழைப்பு போனாலும் போகட்டும் என்று துணிந்தாள்.

"உம் புருஷன் மேல தப்பில்ல சாமி. குஜராத்துல இருந்து தூங்காமத்தான் வந்துச்சு, அப்படியே அனுப்பிட்டாங்க. சாவிய வாங்கும்போது எங்கிட்டயே சொல்லுச்சு. எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் வந்து சொல்றேன்."

யுவராணி மெல்லத் தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"தூங்கலன்னு சொன்னாருங்களாக்கா?"

"ஆமா சாமி."

"அது தெரிஞ்சுதான் சாவியக் குடுத்தீங்களா?"

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்த மாரியப்பனின் கை தானாக விலகியது.