அமாவாசை நண்டு

திருச்செந்தூர்க் கடலில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். முக்காணிப் பாலத்தருகே பஸ் டீக்கு நிற்கிறது. நெற்றியில் பூசிய திருநீறு இன்னும் காயவில்லை. அதற்குள் கண் நண்டுக்கூடைக்குப் போய்விடுகிறது.

“அமாவாசை நண்டு அண்ணாச்சி, சதை நெறைஞ்சிருக்கும். பௌர்ணமிக்கு வாங்குனா வெறும் ஓடுதான்,” என்கிறாள் கூடைக்காரி.

“இன்னைக்கு எங்க வீட்ல கவுச்சி ஆகாதும்மா. லீவுல வந்த மருமகனுக்கு மட்டுந்தான். இறாலோட சேத்து அவிச்சுத் திங்கணுமாம். ரெண்டு கிலோ போடு.”

“ஒரு மருமவனுக்கு ரெண்டு கிலோவா?”

நான் ஆற்றைப் பார்க்கிறேன்.

“சங்கடப்படாதீக. அமாவாசை நாலு மணிக்கு முடியுது. மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டு அஞ்சு மணிக்கு அடுப்புல ஏத்துங்க.”

காலையில் தட்சணை வாங்கிய ஐயர்கூட இதைச் சொல்லவில்லை. பையை விரித்துப் பிடிக்கிறேன். முருகா, அப்பாவுக்கும் நண்டென்றால் உயிர்.