மேல்தெருவில் நடந்துபோன ஓட்டு

எங்க பெரியம்மா சின்னக்கண்ணுவுக்கு ஓட்டு வந்தது மகனைப் பறிகொடுத்ததால. குள்ளன்னு ஒரே மகன், மொத உலகச் சண்டையில பட்டாளத்துக்குப் போய் பஸ்ராவில செத்தான். அப்படி மகனை இழந்து பென்ஷன் வாங்குற ஆத்தாளுக்கு ஓட்டு உண்டுன்னு முப்பத்தேழாம் வருஷத்து எலெக்‌ஷனுக்குச் சட்டம் வந்துச்சு. பாலக்கோட்டுப் பக்கம் எங்க சேரியில ஓட்டு இருந்தது பெரியம்மாவுக்கு மட்டும்தான். நிலமும் இல்லாம, படிப்பும் இல்லாம கிடந்த எங்களுக்கெல்லாம் எவன் தருவான்?

ஓட்டுப்பெட்டியைக் கொண்டுபோய் எங்க வெச்சாங்க தெரியுமா? மேல்தெரு சாவடியில. அந்தத் தெருவுல எங்க கால் படக்கூடாது. உப்பு வாங்கணும்னாக்கூட தெருமுனையில நின்னு கூவணும். கடைக்காரன் கொண்டாந்து தரையில வெச்சுட்டு விலகுவான், அப்புறம்தான் நாம எடுக்கணும். ஓட்டுக்கும் அதே வழக்கம்தான்னு ஊர்ல முடிவு கட்டிட்டாங்க.

அன்னிக்கு நானும் கூடப் போனேன். தெருமுனையில பெரியதனக்காரர் காளியப்பன் வழிமறிச்சார். ஊர்ல அவர் வெச்சதுதான் சட்டம். எங்க சனத்துல பாதிப் பேர் அவர் காட்டுலதான் கூலி வேலை பார்த்தாங்க.

"இங்கயே நில்லு சின்னக்கண்ணு. எந்த நிறப் பெட்டின்னு சொல்லு, நான் போட்டுடறேன்."

எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளுக்கு ஒரு நிறமா பெட்டி வெச்ச காலம் அது. பெரியம்மா மாட்டேன்னு தலையை ஆட்டுச்சு. "என் ஓட்டை நான்தானுங்க போடணும்."

சத்தம் கேட்டு ஓட்டு அதிகாரி வந்தார், சேலத்துக்காரர். நல்ல மனுசன்தான், ஆனா வம்புன்னா பத்தடி தள்ளி நிக்கிற ரகம். வேற ஆள் போட்டா செல்லாதுன்னு காளியப்பனுக்குச் சொல்லிட்டு, பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"பெட்டிகளை இங்க தூக்கியாரச் சொல்றேம்மா. சுத்தி மறைப்பும் கட்டித் தர்றேன். யாருக்கும் சங்கடம் இல்லை."

எனக்கு அதுவே பெருசாப் பட்டுச்சு. பெரியம்மாவுக்குப் படலை.

"உப்பு மாதிரி கொண்டாந்து வெப்பீங்களா? லீவுல பட்டாளத்து உடுப்போட வந்தப்பவும் என் மகனை ஏரிக்கரை சுத்தித்தானுங்க வூட்டுக்கு விட்டாங்க. அவன் செத்து வந்த ஓட்டு இது. இதுவும் சுத்திப் போவணுமா? மத்தவங்க போற வழியில நானும் போறேன். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

அதிகாரி முகம் செத்துப்போச்சு. எழுதிக் கொடுத்தா அவர் வேலைக்கே வேட்டு. வழிவிட்டு ஒதுங்கி நின்னார்.

காளியப்பன் விடலை. "நடந்தீன்னா நாளையிலிருந்து உனக்கு இந்த ஊர்ல ஒரு காட்டுலயும் வேலை கிடையாது."

"சரிங்க"ன்னு சொல்லிட்டு பெரியம்மா நடந்துச்சு.

ஓரமா இல்லை, நடுத்தெருவுல. வூட்டுக்கு வூடு கதவைச் சாத்தினாங்க. அது திரும்பிக்கூடப் பார்க்கலை. சாவடிக்குள்ள போச்சு, போட்டுச்சு, வந்த வழியே திரும்பி வந்துச்சு.

சொன்னபடியே வேலையை நிறுத்தினாங்க. சேரியிலயே சில பேர் "உனக்கெதுக்கு இந்தத் திமிரு"ன்னு திட்டினாங்க. பெரியம்மா பென்னாகரம் பக்கம் களை வெட்டப் போய்க் காலம் தள்ளுச்சு. அறுப்பு வந்தப்ப ஆள் பத்தலை. காளியப்பனே எங்க சேரி வாசலுக்கு வந்து நின்னார்.

"நடந்தது நடந்துபோச்சு, நாளைக்கு அறுப்புக்கு வந்துடு. ஆமா, அன்னிக்கு எந்தப் பெட்டியிலதான் போட்டே?"

"அதை உங்ககிட்ட சொல்றதா இருந்தா, அன்னிக்கே தெருமுனையில நின்னு சொல்லியிருப்பேனுங்களே."